ககாரின் விண்கலத்தோட தரையிறங்கலையாமே? அப்ப சாதனை செல்லாதா?

தறிச்சத்தம் · வெள்ளி இரவு 9:12

எங்க அண்ணன் பேரு ககாரின், மொதல்ல விண்வெளிக்குப் போன ரஷ்யாக்காரரோட பேரு. பட்டப்பேரு இல்லைங்க, ரேஷன் கார்டுலயே அதான். அப்பா மில் யூனியன்ல இருந்தவரு, மூத்த பையனுக்கு வேற பேரு யோசிக்கவே இல்லையாம். எனக்கு மட்டும் பாட்டி குறுக்க நின்னு முருகன் பேரை வச்சுட்டாங்க.

இன்னைக்கு டீ நேரத்துல கூட வேலை செய்யறவரு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாரு. "உங்க அண்ணன் பேருக்காரரு கலத்தோட இறங்கவே இல்ல, நடுவானத்துல குதிச்சுட்டாரு. விதிப்படி அந்தச் சாதனை செல்லாது. கணக்குப்படி விண்வெளிக்குப் போன மொத ஆளு அமெரிக்காவோட ஆலன் ஷெப்பர்டு"ன்னாரு. எனக்கு பதில் சொல்லத் தெரியல. வடையை மென்னுட்டு வந்துட்டேன்.

உண்மையா இது? அண்ணன்கிட்ட இன்னும் வாயைத் திறக்கல.

மொட்டைமாடி · வெள்ளி இரவு 9:47

முதல் பாதி உண்மை. முடிவு தப்பு.

1961 ஏப்ரல் 12, மாஸ்கோ நேரம் காலை 9:07-க்குக் கிளம்பினார். அவர் போன வோஸ்தோக் கலத்தில் ஆள் உட்காரும் பகுதி ஒரு இரும்பு உருண்டை மாதிரி, குறுக்களவு 2.3 மீட்டர். அதற்கும் பாராசூட் உண்டு. ஆனால் அந்தப் பாராசூட்டோடு வந்து தரையில் மோதும் வேகத்தில் உள்ளே ஆள் இருந்தால் முதுகெலும்பு போய்விடும். மோதலைத் தணிக்கும் ஏற்பாடு அன்றைக்குத் தயாராகவில்லை. அதனால் சுமார் 7 கி.மீ. உயரத்தில் கதவு தெறிக்கும், இருக்கையோடு ஆளை வெளியே வீசும், பிறகு இருக்கையும் கழன்று அவர் தனிப் பாராசூட்டில் வருவார். பயந்து குதித்தது இல்லை, திட்டமே அதுதான். வோஸ்தோக்கில் போன ஆறு பேரும் அப்படித்தான் இறங்கினார்கள், 1963-ல் போன வாலண்டினா தெரஷ்கோவா உட்பட.

இனி விதி. வான்பயணச் சாதனைகளைப் பதிவு செய்வது எஃப்.ஏ.ஐ என்ற சர்வதேச அமைப்பு. விமானி கிளம்பிய கலத்திலேயே இறங்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. விமானம் மட்டுமே இருந்த காலத்து விதி அது. உயரச் சாதனை ஆசையில் விமானத்தைப் பலி கொடுத்துவிட்டு உயிரைப் பணயம் வைக்கிற வேலை வேண்டாம் என்பதற்காக வைத்தது.

சோவியத் தரப்பு என்ன செய்தது? பதிவுக்குக் கொடுத்த ஆவணத்தில், கலத்தோடேயே இறங்கினார் என்று எழுதிக் கொடுத்துவிட்டது.

தறிச்சத்தம் · வெள்ளி இரவு 9:55

அப்ப பொய் சொல்லித்தான் வாங்கியிருக்காங்க! நாளைக்கு நான் டீக்கே போகலைங்க.

மொட்டைமாடி · வெள்ளி இரவு 10:08

போங்க, போங்க. கதை இன்னும் இருக்கு.

நாலு மாதம் கழித்து ஆகஸ்டில் கெர்மன் தித்தோவ் 17 சுற்று சுற்றிவிட்டு வந்தார், ஒரு நாளுக்கும் மேல். அவர் தனியாகப் பாராசூட்டில் இறங்கியதை ஒப்புக்கொண்டார். உடனே எஃப்.ஏ.ஐ-யில் பேச்சு கிளம்பியது. கூடிப் பேசி அவர்கள் வந்த முடிவு: விண்வெளிப் பயணத்தில் முக்கியம் ஆள் பத்திரமாகப் புறப்பட்டு, சுற்றி, பத்திரமாகத் திரும்புவது. எப்படி இறங்கினார் என்பது இரண்டாம்பட்சம். விதியை மாற்றினார்கள், ககாரின், தித்தோவ் இருவர் பதிவும் நின்றது. பின்னாளில் ககாரின் பெயரிலேயே தங்கப் பதக்கமும் அதே அமைப்பு வைத்தது. உங்கள் அலுவலக நண்பர் விதி வரைக்கும் படித்திருக்கிறார், விதி மாறியதைப் படிக்கவில்லை.

பழையவானொலி · வெள்ளி இரவு 10:31

"பொய்" என்று ஒரே வார்த்தையில் முடிப்பது நியாயமில்லை. அது பனிப்போர்க் காலம். ககாரினைத் தூக்கிய ராக்கெட் அடிப்படையில் அணுகுண்டு ஏவுகணை. அதன் ஒவ்வொரு விவரமும் ராணுவ ரகசியம். அதை வடிவமைத்த செர்கேய் கரல்யோவின் பெயரே 1966 ஜனவரியில் அவர் இறக்கும் வரை வெளியில் வரவில்லை. உலகமே ககாரினுக்கு மாலை போட்டபோது அந்த மனிதர் பெயரில்லாமல் பின்னால் நின்றார்.

எங்கள் பள்ளி நாட்களில் ரஷ்யாவிலிருந்து வழவழப்பான தாளில் தமிழ்ப் பத்திரிகை வரும். படித்ததைவிட பாடப்புத்தகத்துக்கு அட்டை போட்டதுதான் அதிகம். என் கணக்குப் புத்தகத்துக்கு ககாரின் சிரித்த முகம். கணக்கு வந்ததா என்று கேட்காதீர்கள்.

மொட்டைமாடி · வெள்ளி இரவு 10:44

ஐயா, ரகசியம் வேறு, பொய் வேறு. சொல்லாமல் விட்டால் ரகசியம். ஏவுதளத்தின் பெயரையே மாற்றிக் கொடுத்தார்களே! கலம் கிளம்பியது தியூராதாம் என்ற ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். ஆவணத்தில் எழுதியது பைக்கனூர். உண்மையான பைக்கனூர் அங்கிருந்து 300 கி.மீ.-க்கு மேல் தள்ளி இருக்கும் சுரங்க ஊர். கடைசியில் பொய்ப் பெயரே நிலைத்து, அந்த ஊரும் பைக்கனூர் ஆகிவிட்டது!

எனக்கு வருத்தம் என்னவென்றால், மறைத்ததில்தான் ககாரினின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. சிரித்தபடி போனார், சிரித்தபடி வந்தார் என்று மட்டும் சொல்லி 30 வருடம் ஓட்டினார்கள். திரும்பி வந்ததும் அவரே அரசு ஆணையத்தின் முன் சொன்ன அறிக்கை 1991-ல்தான் அச்சில் வந்தது.

லேத்துப்பட்டறை · வெள்ளி இரவு 11:20

நம்ம ஏரியாவுக்கு வந்தாச்சு. நான் லேத்து ஓட்டறவன், எனக்கு இதுல புடிச்ச இடம் ரெண்டு.

ஒண்ணு கிளம்பறதுக்கு முன்னாடி. ககாரினை உள்ள உக்கார வச்சு கதவை மூடிட்டாங்க. கதவு சரியா மூடியிருந்தா காட்ட வேண்டிய சிக்னல் வரல. என்ன பண்ணுவாங்க? 30 நட்டையும் கழட்டி, கதவை எடுத்து, தொடு முனையைச் சரி பண்ணி, மறுபடி 30 நட்டையும் முறுக்குனாங்க. கீழ ராக்கெட் முழுக்க எரிபொருள். ஒரு நட்டு குறுக்க ஏறியிருந்தா? அவரு உள்ள இருந்துட்டு, சட்டைக் கையில தைச்சிருந்த குட்டிக் கண்ணாடியில இவங்க வேலை செய்யறதைப் பார்த்துக்கிட்டு விசில் அடிச்சுட்டு இருந்தாராம். எங்க பட்டறையில கஸ்டமர் பக்கத்துல நின்னாலே எனக்குக் கை நடுங்கும்.

ரெண்டாவது திரும்பி வரும்போது. கலம் ரெண்டு பகுதி: ஆள் இருக்கற உருண்டை, பின்னாடி பிரேக் எஞ்சின் இருக்கற பகுதி. ஆப்பிரிக்காவுக்கு மேல எஞ்சின் 40 விநாடி சொச்சம் எரிஞ்சு வேகத்தைக் குறைக்கணும். எரிஞ்சுது, ஆனா ஏறக்குறைய ஒரு விநாடி முன்னாடியே நின்னு போச்சு. அடுத்த 10, 12 விநாடியில ரெண்டும் பிரியணும். பிரியல. மொத்தக் கலமும் சுத்த ஆரம்பிச்சுது, விநாடிக்கு 30 டிகிரி. அதாவது 12 விநாடிக்கு ஒரு முழுச் சுத்து. ஜன்னல்ல பூமி, வானம், சூரியன், திரும்ப பூமி. கண்ணுல வெயில் அடிக்காம காலை வச்சு மறைச்சாராம்.

பத்து நிமிஷம் இப்படி! காத்து உராய்ஞ்சு சூடு ஏறின பிறகுதான் பின்பகுதி விட்டுச்சு.

மொட்டைமாடி · வெள்ளி இரவு 11:38

லேத்து அண்ணே, அந்தப் பத்து நிமிடத்தில் அவர் போட்ட கணக்கு இருக்கே, அதுதான் எனக்குப் பிடித்தது. தோராயமாக: "சோவியத் எல்லைக்கு இன்னும் 6,000 கி.மீ. இருக்கும், நம் நாட்டின் நீளம் 8,000 கி.மீ. வரும். எப்படி விழுந்தாலும் தூரக் கிழக்கு வருவதற்குள் நம் மண்ணில்தான் விழுவேன்." சத்தம் போட வேண்டாம் என்று முடிவு செய்து, எல்லாம் சரி என்ற குறியீட்டைத் தந்திச் சாவியில் அடித்து அனுப்பினார். தலைகீழாகச் சுற்றிக்கொண்டே!

இன்னொன்று. உருண்டை வடிவம்தான் காப்பாற்றியது. அதற்குச் சுற்றிலும் வெப்பக் கவசம், எந்தப் பக்கம் முன்னால் வந்தாலும் தாங்கும். எடையும் ஒரு பக்கமாக வைத்திருந்ததால், பின்பகுதி கழன்றதும் தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி தானே நிமிர்ந்துகொண்டது. அமெரிக்காவின் மெர்க்குரி கலம் கூம்பு; கவசம் அடிப்பக்கம் மட்டும்தான்.

மூணாவதுபெஞ்சு · சனி காலை 7:02

ராத்திரி முழுக்க பேசியிருக்கீங்க! எனக்கு ஒரு டவுட். ககாரினுக்கு முன்னாடி லைக்கான்னு நாய் போயிட்டு வந்துச்சே, அதுதானே மொத உயிர்? நாய்க்கு யாரும் விதி பேசலையா?

பழையவானொலி · சனி காலை 7:30

தம்பி, லைக்கா போனது 1957 நவம்பர் 3. வரவில்லை. திரும்பக் கொண்டுவரும் வசதியே அந்தக் கலத்தில் கிடையாது. பல நாள் உயிரோடு இருந்ததாகத்தான் நாங்கள் படித்தோம். சில மணி நேரத்திலேயே வெப்பம் தாங்காமல் இறந்தது 2002-ல்தான் தெரியவந்தது. அன்று எனக்கு உண்மையிலேயே மனசு சரியில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

சுற்றுப்பாதைக்குப் போய் உயிரோடு திரும்பியவை 1960 ஆகஸ்டில் பேல்க்காவும் ஸ்திரேல்க்காவும். ஆனால் அதே டிசம்பரில் போன இரண்டு நாய்கள் கலத்தோடு அழிந்தன. அதற்கு நாலு மாதம் கழித்துத்தான் மனிதனை உட்கார வைத்தார்கள்.

சந்தேகப்பிராணி · சனி காலை 9:15

எல்லாரும் ஒரு விஷயத்தை மறக்கறீங்க. ககாரினுக்கு முன்னாடியே ரெண்டு மூணு பேரை அனுப்பி, செத்துப்போய், மூடி மறைச்சாங்க. இத்தாலியில ரெண்டு சகோதரர்கள் ரேடியோவுல பிடிச்ச ஒலிப்பதிவு வீடியோவா கிடைக்குது, நானே கேட்டிருக்கேன், உடம்பு சிலிர்த்துடுச்சு. இறங்கினதுலயே பொய் சொன்னவங்க இதுல சொல்ல மாட்டாங்களா?

மொட்டைமாடி · சனி காலை 10:20

கடைசிக் கேள்வி நியாயமானது. ஆனால் பொய் சொல்லக்கூடியவர்கள் என்பதாலேயே எல்லாம் நடந்ததாக ஆகிவிடாது. 1980-களின் கடைசியிலும் 90-களிலும் அலமாரிகள் திறந்தன. 1960 அக்டோபரில் ஏவுதளத்திலேயே ஏவுகணை வெடித்து, படைத்தளபதி நெதேலினோடு ஏராளமானோர் எரிந்துபோனது வெளியே வந்தது. வலந்தீன் பந்தரேன்கோவின் மரணமும் வெளியே வந்தது. விண்வெளியில் செத்தவர் என்று ககாரினுக்கு முன் ஒருவர் பெயர்கூட வரவில்லை.

பந்தரேன்கோவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ககாரினோடு தேர்வானவர், வயது 24. தனிமைப் பயிற்சிக்காக ஆக்ஸிஜன் நிறைந்த அறையில் பத்து நாளாக இருந்தார். உடம்பில் ஒட்டியிருந்த உணர்கருவிகளைக் கழற்றி, அந்த இடத்தை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, பஞ்சைத் தூக்கிப் போட்டார். அது போய் விழுந்தது சூடான மின் அடுப்பின் மேல். ஆக்ஸிஜனில் தீ எப்படிப் பரவும் என்று சொல்லத் தேவையில்லை. உள்ளே அழுத்த வேறுபாடு இருந்ததால் கதவை உடனே திறக்க முடியவில்லை. சில மணி நேரத்தில் உயிர் போனது. 1961 மார்ச் 23. ககாரின் கிளம்ப மூன்று வாரம்கூட இல்லை. 1986 வரை வெளியே சொல்லவில்லை.

1967 ஜனவரியில் அமெரிக்காவின் அப்பல்லோ 1-ல் மூன்று பேர் இறந்ததும் கிட்டத்தட்ட இதே மாதிரி, தூய ஆக்ஸிஜனில் தீ. முன்னதைச் சொல்லியிருந்தால் பின்னது தப்பியிருக்குமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆக்ஸிஜனில் தீ பற்றும் என்பது அமெரிக்கர்களுக்கும் தெரிந்ததுதான்.

ஒலிப்பதிவு விஷயத்துக்கு ஒரு வேடிக்கை. 1961 மார்ச்சில் ஆளுக்குப் பதில் ஒரு பொம்மையை அனுப்பினார்கள், இவான் இவானோவிச் என்று பெயர். ரேடியோவைச் சோதிக்க அதற்குள் டேப் வைத்தார்கள். ஒரு ஆள் பேசினால் மேற்கில் கேட்பவர்கள் உளவாளி என்பார்கள், நிஜ மனிதன் என்பார்கள். அதனால் கூட்டுப் பாடல் வைத்தார்கள். அந்த உருண்டைக்குள் ஒரு பஜனைக் கோஷ்டியே உட்கார முடியாது இல்லையா! கூடவே சூப் செய்யும் பக்குவமும் ஒலித்ததாம்.

சந்தேகப்பிராணி · சனி காலை 10:41

சூப் மேட்டர் தெரியாது. இருந்தாலும் எனக்கு முழுசா சமாதானம் ஆகல.

பழையவானொலி · சனி காலை 10:58

அமெரிக்கா மட்டும் என்ன யோக்கியமா? உளவு விமானத்தை அனுப்பிவிட்டு வானிலை ஆராய்ச்சி விமானம் என்று சொன்னவர்கள்தானே 1960-ல்...

நெறியாளர் · சனி காலை 11:05

இழை விண்வெளிப் பயணம் பற்றியது. யார் யோக்கியர் என்பதற்கு அரசியல் பகுதியில் ஏற்கெனவே 14 இழைகள் ஓடுகின்றன. அங்கே பேசலாம்.

தறிச்சத்தம் · சனி மதியம் 1:30

சார், அந்த ஷெப்பர்டு பத்தி யாரும் சொல்லலையே. திங்கக்கிழமை நான் முழுசா தயாரா போகணும்.

மொட்டைமாடி · சனி மதியம் 2:10

ஷெப்பர்டு போனது 1961 மே 5. ககாரினுக்கு 23 நாள் கழித்து. எனவே ககாரினின் பதிவைக் கிழித்துப் போட்டாலும், பூமியைச் சுற்றிய முதல் ஆளாக ஷெப்பர்டு வர முடியாது. அவர் சுற்றவே இல்லை. கல்லை மேலே எறிந்தால் வளைந்து வந்து விழுமே, அந்த மாதிரிப் பயணம். 15 நிமிடம், உச்சத்தில் 187 கி.மீ. உயரம், புளோரிடாவில் கிளம்பி 480 கி.மீ. சொச்சம் தள்ளி அட்லாண்டிக் கடலில். வேகம் மணிக்கு 8,000 கி.மீ. சொச்சம். சுற்றுப்பாதைக்கு ஏறத்தாழ 28,000 வேண்டும்.

ஆனால் அவர் முந்தியிருக்க வாய்ப்பு இருந்தது. ஜனவரி 31-ல் ஹாம் என்ற சிம்பன்சியை அனுப்பியபோது ரெட்ஸ்டோன் ராக்கெட் கூடுதல் வேகத்தில் தள்ளிவிட்டது. குறித்த இடத்தைத் தாண்டிப் போய் விழுந்தது கலம். ஹாமுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்தது ஷெப்பர்டு போயிருக்கலாம். அந்த ராக்கெட்டை உருவாக்கிய வெர்னர் ஃபான் பிரவுன் ஒத்துக்கொள்ளவில்லை, இன்னொரு வெறும் சோதனை வேண்டும் என்று பிடிவாதம். மார்ச் 24-ல் அந்தச் சோதனை ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. மூன்று வாரத்தில் ககாரின் போய்விட்டார். ஷெப்பர்டுக்கு அந்தக் கோபம் கடைசி வரை ஆறவில்லை.

ஃபான் பிரவுன் செய்தது சரி என்றே எனக்குப் படுகிறது. கூடுதலாகத் தள்ளும் ராக்கெட்டில் ஆளை ஏற்றுவதைவிட இரண்டாவதாகப் போவது மேல்.

லேத்துப்பட்டறை · சனி மதியம் 3:25

இதுல இன்னொரு கணக்கு இருக்கு. வோஸ்தோக் எடை 4.7 டன். மெர்க்குரி 1.3 டன் சொச்சம். ரஷ்யாக்காரன் ராக்கெட் ஏன் அவ்வளவு பெருசு? அவங்க அணுகுண்டு அப்ப ரொம்பக் கனம். ஏறக்குறைய 5 டன் சுமந்துட்டு அமெரிக்கா வரைக்கும் போற மாதிரி ராக்கெட் செஞ்சாங்க. அமெரிக்காவுல குண்டைச் சின்னதா செய்யத் தெரிஞ்சுக்கிட்டாங்க, ராக்கெட்டும் சின்னதாவே போதும்னு விட்டுட்டாங்க. குண்டு செய்யறதுல பின்தங்கினது விண்வெளிக்கு வசதியாப் போச்சு.

இடம் தாராளமா இருந்ததால உள்ள நாம சுவாசிக்கற சாதாரணக் காத்தையே வச்சாங்க. மெர்க்குரியில எடை கட்டுப்படியாகாம தூய ஆக்ஸிஜன். மேல மாடி சார் சொன்ன தீ ஞாபகம் வருதா?

மூணாவதுபெஞ்சு · சனி மாலை 5:40

எடை இல்லாத இடத்துல பைத்தியம் புடிக்கும்னு பயந்து ஸ்டியரிங்கையே பூட்டி வச்சிருந்தாங்கன்னு ஒரு ரீல்ஸ்ல பார்த்தேன். கதையா?

மொட்டைமாடி · சனி மாலை 6:15

நிஜம். பயணம் முழுக்கத் தானியங்கி. கையால் ஓட்டும் வசதி எண் பூட்டில். எண் உறைக்குள் ஒட்டி வைத்திருந்தார்கள். உறையைப் பிரித்துப் படித்து எண்ணை அழுத்தத் தெரிந்தால் புத்தி தெளிவாக இருக்கிறது என்று அர்த்தம். கிளம்பும் முன்பே ஒருவருக்கொருவர் தெரியாமல் கரல்யோவ் உட்பட சிலர் அவர் காதில் எண்ணைச் சொல்லிவிட்டார்கள். 1-2-5. நம் ஊரில் கேள்வித்தாள் வெளியாவது போல!

பேராதனைவாசி · சனி இரவு 8:50

நான் எப்பவும் வாசிக்கிற ஆள், எழுதிறது குறைவு. இதில ஒண்டு சொல்ல வேணும் போல இருக்கு. ககாரின் 1961 டிசம்பரில இந்தியாவுக்கு வந்திட்டு அப்பிடியே இலங்கைக்கும் வந்தவர். பேராதனைத் தாவரவியல் பூங்காவில அவர் நட்ட மரம் ஒண்டு இருக்கு. நாங்கள் கம்பஸில படிச்ச காலம் அதுக்குக் கீழ இருந்துதான் கதைக்கிறது. மேல பழவௌவால் கத்திற சத்தத்தில லெக்சர் நோட்ஸ் ஒண்டும் மண்டையில ஏறாது. ஆர் நட்டது எண்டு பலகையைப் பாக்கவே எனக்கு ரெண்டு வருசம் எடுத்தது.

தறிச்சத்தம் · ஞாயிறு இரவு 9:05

எல்லாருக்கும் நன்றிங்க. இன்னைக்கு அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். பயந்து பயந்து ஆரம்பிச்சேன். "இது எனக்கு எப்பவோ தெரியும்டா, அப்பாவே சொல்லியிருக்காரு"ன்னான்! மாஸ்கோ ஒத்துக்கிட்டதை யூனியன் ஆபீஸ்ல யாரோ சொல்லி, அப்பா ரெண்டு நாள் பேசாம இருந்தாராம். மூணாம் நாள் சாப்பிடும்போது "எறங்கினானா இல்லையா? எறங்கினான்ல"ன்னு தனக்குத்தானே சொல்லிட்டு ரசம் ஊத்தச் சொன்னாராம்.

லேத்து அண்ணன் சொன்ன சுத்தற கதையை மட்டும் அண்ணன் கேட்டதே இல்ல. ரெண்டு தடவை சொல்ல வச்சான். அப்புறம் ஒரு கேள்வி கேட்டான், எனக்குத் தெரியல: வயல்ல போய் விழுந்தாரே, செல்போனா கீபோனா, மாஸ்கோவுக்கு எப்படிச் சொன்னாரு?

மொட்டைமாடி · ஞாயிறு இரவு 9:50

அண்ணனுக்கு என் வணக்கம்.

இறங்கியது சரத்தோவ் பக்கம், வோல்கா ஆற்றங்கரையை ஒட்டிய ஊர். மாணவனாக அவர் முதன்முதலில் விமானம் ஓட்டக் கற்றதே அந்த வட்டாரத்தில்தான். மேலிருந்தே ஆற்றை அடையாளம் கண்டுகொண்டார். பாராசூட்டில் வரும்போது தலைக்கவசத்தின் காற்றுத் திறப்பு உடைக்குள் சிக்கிக்கொண்டு, அதைத் திறக்கவே ஆறு நிமிடம் போராடினார். விண்வெளியிலிருந்து வந்தவர் தரைக்குப் பக்கத்தில் மூச்சுக்குத் தவித்தார்!

உழுத வயலில் கால் வைத்தார். பக்கத்தில் ஒரு பெண்ணும் அவர் பேத்தியும். ஆரஞ்சு உடை, வெள்ளைத் தலைக்கவசம், வானத்திலிருந்து இறங்கும் ஆள். முந்தைய மே மாதம்தான் அமெரிக்க உளவு விமானியைச் சுட்டு இறக்கியிருந்தார்கள். அவர்கள் பின்வாங்கினார்கள். இந்தச் சந்தேகம் வரும் என்றுதான் தலைக்கவசத்தில் நாட்டின் பெயரைச் சிவப்பு எழுத்தில் எழுதி அனுப்பியிருந்தார்கள். நான் நம் ஆள்தான், பயப்படாதீர்கள், தொலைபேசி எங்கே இருக்கிறது என்று கேட்டார். வயலில் ஏது தொலைபேசி? பண்ணை ஆட்கள் ஓடிவந்தார்கள். பிறகு பக்கத்துப் படைப்பிரிவிலிருந்து லாரியில் ஒரு மேஜர் வந்தார்.

காலையில் கிளம்பும்போது ககாரின் சீனியர் லெப்டினன்ட். அந்த முறைப்படி விறைத்து நின்று, "காம்ரேட் மேஜர்" என்று தன் பதவியையும் பெயரையும் சொன்னாராம். அதற்கு அவர், "நீயும் இப்ப மேஜர்தானப்பா" என்றாராம்.

மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே பதவி உயர்வு போட்டுவிட்டார்கள்.